நிலவின் பெயர் கொண்ட தனிமம்

வேதியியல் வகுப்பறையின் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள். கந்தகத்திற்கு நேர் கீழே, 34-ஆம் எண்ணில், செலினியம் என்றொரு தனிமம் அடக்கமாக அமர்ந்திருக்கும். தேர்வுக்கு அதிகம் கேட்கப்படாத தனிமம் ஆகையால் மாணவியர் பலர் அதன் பக்கம் கண்ணைத் திருப்புவதில்லை. 1817-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் என்பவர், கந்தக அமிலத் தொழிற்சாலை ஒன்றின் அடிக்கசடில் இதனைக் கண்டெடுத்தார். இதனை ஒத்த டெல்லூரியம் என்னும் தனிமத்திற்கு முன்னரே பூமியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். எனவே இதற்கு நிலவின் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் நிலவுக்குச் ‘செலினே’ என்று பெயர்.

நெடுங்காலம் வரை செலினியத்தை நஞ்சு என்று மட்டுமே உலகம் அறிந்திருந்தது. 1957-இல் கிளாஸ் சுவார்ஸ் என்னும் ஆய்வாளர், மிகச் சிறிய அளவில் அது உயிருக்கு இன்றியமையாதது என்று எலிகளைக் கொண்டு நிறுவினார். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 55 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்களின் கணக்கு. அதாவது, ஒரே ஒரு கிராம் செலினியம் ஒருவருக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் போதுமானது! இத்தனை சிறிய பொருளை நம் உடலின் உயிரணுக்கள் எங்கே வைக்கின்றன, எப்படி வைக்கின்றன, வைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

புரதம் என்னும் மணிமாலை

நம் தலைமுடி, நகம், தசை, இரத்தம், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள் ஆகிய அனைத்திற்கும் அடிப்படை புரதமே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. நாம் கையில் ஏந்தும் செபமாலையில் மணிகள் ஓர் ஒழுங்கில் இருப்பது போல, ஒவ்வொரு புரதத்திலும் இன்ன மணிக்குப் பின் இன்ன மணி என்ற ஒழுங்கு உண்டு. ஒரு மணி இடம் மாறினாலும் சில வேளைகளில் அந்தப் புரதம் பயனற்றுப் போகும்.

இந்த ஒழுங்கை உயிரணு எங்கிருந்து அறிகிறது? பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கிவரும் பண்புகளுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதைப் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டறிந்தவர் கிரிகோர் மெண்டல். அவர் அகுஸ்தீன் சபைத் துறவி என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் கண்ட அந்தப் பண்புகளின் குறிப்பேடுதான் டி.என்.ஏ. என்று பின்னாளில் தெரியவந்தது. குறிப்பேடு உயிரணுவின் உட்கருவில் பத்திரமாக இருக்கும். ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்குரிய பக்கம் மட்டும் படியெடுக்கப்பட்டு வெளியே வரும். அந்தப் படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர்.

தூது ஆர்.என்.ஏ.யில் எழுத்துகள் நான்கே. யூ, சி, ஏ, ஜி என்பன அவை. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 சொற்கள் அமைக்கலாம். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும், அதாவது யூ-ஏ-ஏ, யூ-ஏ-ஜி, யூ-ஜி-ஏ என்பவை, ‘நில், மாலை முடிந்தது’ என்று கட்டளையிடும். இந்த அகராதியைத் தொகுத்தவர்களுள் நம் நாட்டில், பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர். அதற்காக 1968-இல் நிரன்பர்க், ஹோலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிதம்பரத்தில் பிறந்தவரும் ரைபோசோமும்

தூது ஆர்.என்.ஏ.யைப் படித்து மாலையைக் கோக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். அந்நாளில் சிதம்பரமும் திண்டிவனமும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவரை நம் மாவட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு. மூன்று வயதிலேயே பரோடாவுக்குச் சென்று அங்கே வளர்ந்தார். இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னர், உயிரியல் படிக்க மீண்டும் மாணவராக வகுப்பில் அமர்ந்தவர் அவர். பரிசு பெற்ற மற்றவர்கள் அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸ், இஸ்ரேல் நாட்டின் அடா யோனாத் அம்மையார் ஆகியோர். ரைபோசோமைப் படிகமாக்கவே இயலாது என்று பலரும் கூறிய காலத்தில், 1980-களிலிருந்தே விடாமல் முயன்றவர் அவ்வம்மையார்.

ரைபோசோமுக்கு இரண்டு பகுதிகள். சிறிய பகுதி சொல்லைப் படிக்கும். பெரிய பகுதி மணிகளை இணைக்கும். ஒவ்வொரு மணியையும் சுமந்து வருவது கடத்து ஆர்.என்.ஏ. என்னும் சிறிய மூலக்கூறு. அதன் ஒரு முனையில் மணி இருக்கும். மறுமுனையில் சொல்லோடு பொருந்தும் மூன்று எழுத்துகள் இருக்கும். பொருத்தம் சரியானால் மணி மாலையில் ஏறும். ‘நில்’ என்னும் சொல் வந்தால் மட்டும் எந்தக் கடத்து ஆர்.என்.ஏ.யும் வராது. அதற்குப் பதிலாக விடுவிப்புக் காரணி என்னும் புரதம் வந்து, கோத்த மாலையை அறுத்து விடுவிக்கும். யூ-ஜி-ஏ என்ற சொல்லின் மேல் நுண்ணுயிரின் விடுவிப்புக் காரணி எவ்வாறு அமர்கிறது என்பதை 2008-இல் படமாகக் காட்டியதும் ராமகிருஷ்ணனின் குழுவே. அந்த யூ-ஜி-ஏ என்ற சொல்தான் நம் கட்டுரையின் கதாநாயகி.

ஒரு விசில், இரண்டு விசில்

அமினோ அமிலங்கள் 20 என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1976-இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய தெரசா ஸ்டாட்மன் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும், நுண்ணுயிர் ஒன்றின் நொதியில் புதியதோர் அமினோ அமிலத்தைக் கண்டனர். சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இதில் செலினியம் இருந்தது. அதற்குச் செலினோசிஸ்டீன் என்று பெயர். இன்று அது 21-ஆவது அமினோ அமிலமாகக் கருதப்படுகிறது.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. 64 சொற்களும் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டன. 21-ஆவது மணிக்குரிய சொல் எது? விடை 1986-இல் கிடைத்தது. எலியின் நொதி ஒன்றையும் நுண்ணுயிரின் நொதி ஒன்றையும் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுவினர், செலினோசிஸ்டீன் இருக்கும் இடத்தில் யூ-ஜி-ஏ என்று எழுதியிருப்பதைக் கண்டு வியந்தனர். ‘நில்’ என்று எழுதிய இடத்தில் உயிரணு நிற்கவில்லை! அங்கே ஓர் அரிய மணியைக் கோத்துவிட்டு மேலே சென்றிருந்தது.

அப்படியானால் எந்த யூ-ஜி-ஏ-வில் நிற்பது, எதில் செல்வது என்று ரைபோசோம் எப்படி அறியும்? நம் ஊர்ப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடத்துநர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு விசில் ஊதினால் வண்டி புறப்படும். ஊதுவது அதே விசில்தான், ஆனால் இரண்டாவது ஊதல் சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. யூ-ஜி-ஏ என்பது முதல் விசில். அதே தூது ஆர்.என்.ஏ.யில் வேறோர் இடத்தில் இரண்டாவது விசில் ஒளிந்திருக்கிறது. அங்கே ஆர்.என்.ஏ. இழை தன்மேல் தானே மடிந்து, கொண்டை ஊசி போன்ற வடிவம் கொள்கிறது. அதனைச் செலினோசிஸ்டீன் நுழைவுக் குறி எனலாம்.

நுண்ணுயிர்களில் இந்தக் கொண்டை ஊசி, யூ-ஜி-ஏ-வை அடுத்தே இருக்கும். மனிதர் முதலிய உயர்ந்த உயிர்களிலோ அது மிகத் தொலைவில், புரதத்திற்குரிய செய்தியெல்லாம் முடிந்த பிறகு, இழையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. இதனை 1991-இல் கண்டறிந்தனர். அந்தக் கொண்டை ஊசியை ஒரு பிணைப்புப் புரதம் பற்றிக்கொள்ளும். செலினோசிஸ்டீனைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ.யை அழைத்துவருவதற்கென்றே தனியாக ஒரு காரணியும் உண்டு. மற்ற 20 மணிகளுக்கும் பொதுவாக உழைக்கும் காரணி இதற்கு உதவாது. இழை வளைந்து கொடுக்க, இவையெல்லாம் ரைபோசோமின் வாயிலில் கூடுகின்றன. விடுவிப்புக் காரணி மாலையை அறுக்குமுன் அரிய மணி ஏறிவிட வேண்டும். சில வேளைகளில் விடுவிப்புக் காரணி முந்திக்கொள்வதும் உண்டு. அப்போது மாலை பாதியில் அறுந்துபோகும். பாலூட்டிகளின் ரைபோசோம் இந்த யூ-ஜி-ஏ-வைப் படிக்கும் நிலையை 2022-இல் பெர்லின் நகர ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியால் படம்பிடித்தனர்.

கடையில் கிடைக்காத மணி

மற்ற மணிகள் முன்னரே ஆயத்தமாக இருக்கும். கடத்து ஆர்.என்.ஏ. அவற்றை எடுத்துச் சுமந்து வரும். செலினோசிஸ்டீன் அப்படியன்று. முதலில் இதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.யின் மேல் செரீன் என்னும் சாதாரண அமினோ அமிலம் ஏற்றப்படுகிறது. பின்னர் அதன் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. இறுதியாக அந்தப் பாஸ்பேட் நீங்கி, அவ்விடத்தில் செலினியம் வந்து அமர்கிறது. அந்தச் செலினியத்தைக் கொண்டுவருவது செலினோபாஸ்பேட் என்னும் பொருள். ஆக, இந்த மணி சுமப்பவரின் தோளிலேயே செய்யப்படுகிறது.

வியப்பு இதோடு முடியவில்லை. மனித உயிரணுவில் செலினோபாஸ்பேட்டைத் தயாரிக்கும் நொதியே ஒரு செலினியப் புரதம்! பால் தயிராக வேண்டுமானால் முன்பே கொஞ்சம் தயிர் வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இத்தனை பாடு எதற்காக?

மனிதனின் டி.என்.ஏ.யில் செலினியப் புரதங்களுக்கான மரபணுக்கள் 25 என்று 2003-இல் கணக்கிட்டனர். பல்லாயிரம் புரதங்களுக்கிடையே 25 என்பது மிகச் சிறிய தொகை. ஆயினும் அவற்றின் பணி பெரிது. நாம் மூச்சுவிட்டு உணவை எரிக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீங்கு தரும் பொருள்கள் உயிரணுவில் உண்டாகின்றன. அவற்றை நீராக மாற்றும் நொதிகளுள் முதன்மையான ஒன்று குளூட்டாதயோன் பெராக்சிடேஸ். அதில் செலினியம் இருப்பதை 1973-இல் கண்டனர். செலினியத்தை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால் இத்தகைய நொதிகளின் வேகம் பன்மடங்கு குறைந்துவிடும். கந்தகமும் செலினியமும் ஒரே குடும்பத்து அக்காள் தங்கைகளே என்றாலும், தங்கையின் கைவேகம் அக்காளுக்கு இல்லை.

அடுத்து, நம் கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பியைப் பார்ப்போம். வளர்ச்சிக்கும் அறிவுத் தெளிவுக்கும் வேண்டிய இயக்குநீரை இது சுரக்கிறது. சுரந்து வரும் தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை நீக்கினால்தான் அது முழு ஆற்றல் பெறும். அந்த ஓர் அணுவை நீக்கும் நொதிகள் செலினியப் புரதங்களே.

அயோடினின் கதை நமக்குப் பழகியது. நம் ஊருக்குக் கிழக்கே மரக்காணத்தில் கடல்நீரைப் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கிறார்கள். அங்ஙனம் விளைந்த உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகக் குறைவு. எனவேதான் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். இமயமலைச் சாரலில் காங்ரா பள்ளத்தாக்கில், 1956-இல் மருத்துவ அறிஞர் இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962-இல் நம் நாட்டில் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. உப்பில் சேரும் அயோடின் உடலில் முழுப் பயன் தர வேண்டுமானால், செலினியமும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

குறைந்தால் நேர்வது

சீன நாட்டின் வடகிழக்கில் கேஷான் என்றொரு வட்டாரம் உண்டு. 1935-இல் அங்கே ஒரு கொடிய இதய நோய் பரவியது. குழந்தைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையுமே அது மிகுதியாகத் தாக்கியது. இந்நோய் காணும் இடங்களில் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. அம்மண்ணில் விளைந்த தானியத்தையே அம்மக்கள் உண்டுவந்தனர். சிச்சுவான் மாநிலத்தில் 1974-இல் நடந்த ஆய்வில், செலினிய மாத்திரை பெற்ற 4,510 குழந்தைகளுள் 10 பேருக்கும், பெறாத 3,985 குழந்தைகளுள் 54 பேருக்கும் இந்நோய் கண்டது. வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்ததால், 1976-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். நோய்க்கு ஒரு வைரசும் துணைக் காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. எனினும் செலினியம் காத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

செலினியம் இருந்தும் பயனின்றிப் போவதும் உண்டு. கொண்டை ஊசியைப் பற்றும் பிணைப்புப் புரதத்தின் மரபணு பழுதானால் என்ன ஆகும்? அவ்வாறு பிறந்த பிள்ளைகளை 2005-இல் மருத்துவர்கள் அடையாளம் கண்டனர். வயதுக்கேற்ற உயரம் இல்லை, தைராய்டு இயக்குநீரிலும் கோளாறு. செலினியம் கொடுத்தபோது இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தது, ஆனால் தைராய்டின் கோளாறு தீரவில்லை. வீட்டில் அரிசி இருந்தும் அடுப்பு எரியாத நிலை அது. இரண்டாவது விசிலைக் கேட்கும் காது இல்லாமற்போனால், உயிரணு ‘நில்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது.

மிகுந்தால் நேர்வது

இனி நம் நாட்டிற்கு வருவோம். பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் மாவட்டங்களில் சில கிராமங்கள் உள்ளன. சிவாலிக் மலையிலிருந்து வெள்ளம் அடித்துவந்த வண்டலால் அங்குள்ள நிலத்தில் செலினியம் மிகுந்துவிட்டது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். அந்நிலத்துத் தீவனத்தைத் தின்ற எருமைகளுக்குக் குளம்பு கழன்றது, கொம்பு உதிர்ந்தது. அங்கே விளைந்ததை உண்ட மனிதர்களுக்கும் முடி கொட்டி நகம் சிதைந்தது.

ஏன் முடியும் நகமும் குளம்பும்? உயிரணு செலினோசிஸ்டீனை எத்தனை காவலோடு மாலையில் ஏற்றுகிறது என்று கண்டோம். ஆனால் செலினியம் அளவுக்கு மீறி வரும்போது, அது கந்தகத்தின் வாயில் வழியே புகுந்துவிடுகிறது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தில் கந்தகத்திற்குப் பதில் செலினியம் இருந்தால், ரைபோசோம் வேறுபாடு அறியாமல் அதையும் கோத்துவிடும். சிஸ்டீனின் இடத்திலும் இத்தகைய ஆள்மாறாட்டம் நிகழும். முடி, நகம், குளம்பு ஆகியவற்றின் கெரட்டின் புரதத்திற்கு உறுதி தருவது கந்தகப் பாலங்களே. அப்பாலங்கள் வலுவிழந்தால் அவை உதிராமல் என்ன செய்யும்?

ஆகவே, ஒரே தனிமம் முறையான வாயிலில் வந்தால் காவலன், பின்வாயிலில் புகுந்தால் கள்வன். உயிரணு ஒரு ‘நில்’ சொல்லையும், ஒரு கொண்டை ஊசியையும், தனிக் காரணியையும், தனிக் கடத்து ஆர்.என்.ஏ.யையும் வைத்துக் காவல் காப்பது வீண் செலவு அன்று. ஆற்றல் மிகுந்த பொருளைக் கண்ட இடத்தில் வைக்கலாகாது என்னும் அறிவே அது.

நாம் செய்யத்தக்கவை

அன்னையர்க்கு ஒரு சொல். மீன், முட்டை, இறைச்சி, தானியம், பருப்பு ஆகியவற்றில் செலினியம் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் உள்ள அளவு அது விளைந்த மண்ணைப் பொறுத்தது. பலவகை உணவைக் கலந்து உண்ணும் குடும்பத்துக்குத் தனியாகச் செலினிய மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. விளம்பரத்தைப் பார்த்துச் ‘சத்து மாத்திரை’ என்று தாமே வாங்கி உண்ணலாகாது. வளர்ந்தவர்க்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் போவது நல்லதன்று என்பது வல்லுநர் கருத்து. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது செலினியத்திற்கே சொன்னது போலிருக்கிறது. அயோடின் கலந்த உப்பை மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். மகளுக்குக் காரணமின்றிச் சோர்வும் கழுத்தில் வீக்கமும் கண்டால், ‘வயதுக் கோளாறு’ என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாணவியர்க்கும் ஒரு சொல். சோதனைக் குழாயின் அடியில் தங்கும் கசடைக் கழுவிக் கொட்டிவிடுவதே நம் வழக்கம். பெர்சீலியஸ் அந்தக் கசடைத்தான் உற்றுப் பார்த்தார். ஸ்டாட்மன் அம்மையார் சேற்று மண்ணில் வாழும் எளிய நுண்ணுயிரை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். யூ-ஜி-ஏ என்றால் ‘நில்’ என்று அகராதியில் எழுதியிருந்தபோதும், நிற்காமல் சென்ற இடத்தைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்டவர்கள் 1986-இல் புதிய வழியைத் திறந்தார்கள். இறைவன் தன் படைப்பில் சிறியதொன்றையும் மறந்துவிடவில்லை. ஒரு கிராமின் லட்சத்தில் ஐந்தாறு பங்கு செலினியத்திற்கும் ஓர் இடம் வகுத்து, அந்த இடத்திற்கு வழியும் வகுத்திருக்கிறான். வகுப்பில் கடைசி இருக்கையில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவிக்கும் அப்படியோர் இடம் உண்டு. அதைத் தேடிக் கண்டுகொள்வதே கல்வியின் பயன்.